கேத்தலுக்கும் கோப்பைக்கும் இடையில் மூன்று நிமிடம்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில், தேநீர் கலக்கத் தொடங்குமுன் மூங்கில் கலக்கியை வெந்நீரில் நனைத்து, மெல்லத் தூக்கி, கண்ணெதிரே சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு கிண்ணத்தைச் சூடாக்கிய நீரைக் கொட்டிவிட்டு வெள்ளைத் துணியால் துடைப்பார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு அது பூசை போலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காய்ந்த மூங்கில் இழை நனையாமல் வளைந்தால் முறியும். முறிந்த இழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சுற்றல். கிண்ணம் குளிர்ந்திருந்தால் தேநீர் ஆறிவிடும், ஈரமாக இருந்தால் மாச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் கட்டி பிடிக்கும். இந்தச் சடங்கைச் செப்பனிட்டவராகக் கொண்டாடப்படும் சென் நோ ரிக்கியூவிடம் (1522–1591) வெப்பமானியும் இல்லை, விநாடி காட்டும் கடிகாரமும் இல்லை. கை பழகிய ஒழுங்கே அளவுகோல்.

மொரோக்கோ, துருக்கி, சீனா, ரஷ்யா என்று எங்கு பார்த்தாலும் அப்படித்தான். எவ்வளவு இலை, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், இலையைத் தண்ணீரிலிருந்து எப்போது பிரிப்பது என்ற நாலு கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் கண்டுபிடித்த விடைதான் அதனதன் தேநீர்ச் சடங்கு. இந்த நாலாவது கேள்வியில்தான் கொழும்பு வீடுகள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன.

1883 ஜூலை 30ஆம் திகதி முதலாவது தேயிலை ஏலம் நடந்த நகரம் இது. உலகத்தின் பெரிய தேயிலை ஏலங்களில் ஒன்று இன்றும் கொழும்பின் பெயரில்தான் நடக்கிறது. 2020இல் இருந்து அது இணையவழிக்கு மாறிவிட்டது. அப்படியிருந்தும் பல வீடுகளில் தேயிலையைக் கேத்தலுக்குள்ளேயே போட்டு, கொதிக்கவிட்டு, வடிக்காமல் அடுப்பிலேயே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே ஊற்றுகிறோம். தேயிலையின் மணம் ஆவியாகக் கூடியது. கொதியோடு கொதியாகப் போய்விடும். துவர்ப்புத் தரும் பொருளோ இலை தண்ணீரில் கிடக்கக் கிடக்க இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் கோப்பை தேத்தண்ணி, மூன்றாவது கோப்பை வெறும் கயர். அந்தக் கயரை மூட இன்னொரு கரண்டி சீனியும் இன்னொரு கரண்டி பால்மாவும் விழுகின்றன.

முதலில் இலை. பக்கற்றில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைத் தரத்தின் வரிசை என்று நினைப்பது பெரிய தவறு. அவை இலைத் துண்டின் பருமனைத்தான் சொல்கின்றன. ஓபி, ஓபிஏ என்பவை நீளமான, பெரிய இலை. பிஓபி உடைந்த இலை. பிஓபிஎஃப் அதைவிடச் சிறியது. டஸ்ட் தூள். (ஓபி என்பதன் விரிவான ஆரஞ்சு பெக்கோ என்ற பெயரில் தோடம்பழத்தின் வாசனை கூடக் கிடையாது, அதுவும் இலையைக் குறிக்கும் பெயர்தான்.) துண்டு சிறிதாகச் சிறிதாகத் தண்ணீர் படும் பரப்புக் கூடும், சாயம் விரைவாக இறங்கும். டஸ்டுக்கு 2 நிமிடம், பிஓபிஎஃப்புக்கு 3, பிஓபிக்கு 3 முதல் 4, ஓபி வகைக்கு 5. டஸ்டை 5 நிமிடம் விட்டுவிட்டு, "இது மட்டத் தேயிலை" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

சுவையைத் தீர்மானிப்பது பருமனைவிட இடமும் பருவமும்தான். 4,000 அடிக்கு மேல் விளைவது மேல்நாட்டுத் தேயிலை, 2,000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, நடுவில் கண்டிப் பக்கம். நுவரெலியாத் தேயிலையின் சாயம் வெளிறிய பொன்னிறமாக இருக்கும். மணம் நுண்மையானது, பால் விட்டால் காணாமல் போய்விடும். டிம்புளத் தேயிலை சனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் உச்சத்தில் இருக்கும். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கம் கொட்டித் தீர்த்த பிறகு வரும் கச்சான் காற்று அந்தச் சரிவுகளை உலர்த்தும்போது, ஊவா இலையில் விண்டர்கிரீன் தைலத்தை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த மணம் ஏறும். ருஹுணு, சப்பிரகமுவப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்த சாயம், கனத்த உடம்பு. பாலுக்கும் டின்பாலுக்கும் தாக்குப்பிடிப்பது அதுதான். மத்திய கிழக்கில் இலங்கைத் தேயிலை என்றால் பெரும்பாலும் இந்தத் தாழ்நில இலையைத்தான் நினைப்பார்கள்.

எனவே வீட்டில் இரண்டு பேணி இருக்கட்டும். பிளேன் டீக்கு டிம்புள அல்லது ஊவா பிஓபி, பால் தேத்தண்ணிக்குத் தாழ்நில பிஓபிஎஃப் அல்லது டஸ்ட். ஒரே தேயிலையில் இரண்டையும் செய்யப் போனால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். புறக்கோட்டையில் நிறுத்துக் கொடுக்கும் கடைகளில் வாங்குகிறவர்கள் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் கறுத்து இருக்க வேண்டும். பெரிதும் தூளும் கலந்திருந்தால் தூள் முதலில் கயர்த்துவிடும், பெரிய இலை பாதியிலேயே நிற்கும். பழுப்பு நிறத் தண்டும் நாரும் அதிகம் தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம். பக்கற்றில் வாங்குவோருக்குத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை ஓர் உறுதி: உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, பொதி செய்யப்பட்டதும் இங்கேதான்.

கொழும்பின் ஈரக்காற்று தேயிலைக்கு எதிரி. தொழிற்சாலையில் சூடேற்றி உலர்த்தி வரும் இலை தண்ணீரையும் வாசனையையும் உறிஞ்சக் காத்திருக்கும். அடுப்புக்கு மேல் தட்டில், மிளகாய்த்தூளுக்கும் பெருங்காயத்துக்கும் பக்கத்தில், வாய் மூடாத பக்கற்றில் வைத்தால் இரண்டு வாரத்தில் மணம் மட்கிவிடும். இறுக்க மூடும் தகரப் பேணி நல்லது. பிரிட்ஜில் வைக்க வேண்டாம்; ஒவ்வொரு தடவை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் படியும். ஈரக் கரண்டியும் கூடாது. 400 கிராம் மலிவு என்று வாங்குவதைவிட 100 கிராமாக அடிக்கடி வாங்குவது மேல். 100 கிராமில் 40 கோப்பை வரும்.

தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு நல்ல செய்தி. களனி ஆற்றிலிருந்து அம்பத்தளை வழியாக வரும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் யாழ்ப்பாணக் கிணற்று நீரில் அதே தேயிலையைப் போட்டால் சாயம் மங்கிக் கறுக்கும், மேலே எண்ணெய் போல ஓர் ஆடை மிதக்கும். அது தண்ணீரிலுள்ள கல்சியமும் தேயிலைப் பொருள்களும் காற்றுப் பட்டுச் சேர்ந்து உண்டாவது. ஊரில் குடிக்கும்போது அப்படித் தெரிந்தால் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு அந்த ஆடையைக் கரைத்துவிடும். கொழும்பில் தொல்லை குளோரின் வாசனை மட்டுமே. தண்ணீரைப் பிடித்துத் திறந்த பாத்திரத்தில் சற்று நேரம் வைத்தாலே குறையும்.

கொதிநிலையும் இடத்துக்கு இடம் மாறும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, கொழும்பில் 100. தோட்டத்துக் கடையில் இதமாக இருந்ததென்று வாங்கிவந்த இலை வெள்ளவத்தை மாடிவீட்டில் சற்று முரடாகத் தெரிந்தால் இதுவும் ஒரு காரணம். ஊறும் நேரத்தில் அரை நிமிடம் குறைத்துப் பாருங்கள்.

இனி பிளாஸ்க். காலையில் தேத்தண்ணி போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைப்பது பல வீடுகளில் உண்டு. ஒரு மணி நேரத்தில் நிறம் கறுத்து, சுவை தட்டையாகிவிடும். பிளாஸ்கில் வெறும் சுடுதண்ணியை வையுங்கள். ஆனால் சில மணி நேரம் இருந்த அந்தத் தண்ணீர் கறுப்புத் தேயிலைக்குப் போதிய சூட்டில் இருக்காது; பச்சைத் தேயிலைக்குத்தான் பொருந்தும். கறுப்புத் தேயிலைக்கு அதையே திரும்பக் கொதிக்க வையுங்கள்.

தேயிலை சுவைப்போருக்கென்று ஒரு சர்வதேச நியமம் உண்டு: ஐஎஸ்ஓ 3103. 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். இலையில் உள்ள குறைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டுவதற்கான அளவு அது. குடிப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். வீட்டுக்கு 150 மில்லிலீற்றர்க் கோப்பைக்கு 2.5 கிராம் என்று பிடியுங்கள். பிஓபிஎஃப் என்றால் ஒரு மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய அந்த அளவு. பெரிய இலைக்கு இரண்டு கரண்டி வேண்டியிருக்கும், ஏனென்றால் அது காற்றை அடக்கிக்கொண்டு கரண்டியை நிரப்பும். நகைத்தராசு போன்ற சிறு தராசு ஒன்று இருந்தால் ஒரே ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். அதன் பிறகு கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

பீங்கான் கேத்தலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். வெளியே 31 பாகை வெயில் அடித்தாலும் பீங்கானுக்கு 31 பாகை குளிர்தான். சூடாக்காமல் ஊற்றினால் தண்ணீரின் சூடு கணிசமாக இறங்கிவிடும். இலையைப் போட்டு, தண்ணீர் பொங்கிக் கொதிக்கும்போதே அதன் மேல் ஊற்றி, மூடி, நேரம் பாருங்கள். நேரம் முடிந்ததும் முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு வடித்துவிட வேண்டும். பாதியை ஊற்றிவிட்டு மீதியை இலையோடு விட்டால், இவ்வளவு பாடும் வீண். வடியில் கிடக்கும் சக்கையைக் கரண்டியால் அமுக்க வேண்டாம், தேயிலைப் பையைப் பிழியவும் வேண்டாம். அதில் மீந்திருப்பது பெரும்பாலும் கயர்தான். சக்கையைப் பாருங்கள்: செம்புக் காசு போலப் பளிச்சென்று இருந்தால் நல்ல இலை, கறுத்துச் சேறு போலிருந்தால் பழைய இலை அல்லது சூடு தப்பிய இலை. ஏலத்துக்கு முன் சுவைப்போர் கோப்பைக்குப் பக்கத்தில் சக்கையையும் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தேசிக்காய் விடுவதென்றால் வடித்த பிறகு விடுங்கள். சாயம் வெளிறினால் பயப்பட வேண்டாம், புளிப்புப் பட்டுத் தேயிலையின் நிறப்பொருள் மாறுவதுதான் அது.

பால் தேத்தண்ணிக்கு வருவோம். பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால் நாக்குக்கு மென்மையாக இருக்கிறது. ஆகவே சாயம் வழமையைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்: 120 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 3 கிராம் டஸ்ட், 3 நிமிடம். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து இங்குள்ள தேயிலையைப் பாலோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுகிறவர்கள் "அந்தச் சுவை வரவில்லையே" என்று கேட்பதுண்டு. இலையே வேறு. அங்கே கடைகளில் போடுவது பெரும்பாலும் சிடிசி: பல்லுருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, குருணையாக உருட்டிய தேயிலை. பாலில் கொதித்தாலும் நிறமும் கனமும் தரும். இலங்கையில் பெரும்பகுதி பழைய முறைப்படி உருட்டிச் செய்யும் ஓர்தடொக்ஸ் தேயிலை. அதைப் பாலில் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கயர் மிஞ்சும். அப்படிப் பாலில் கொதித்த தேநீர்தான் வேண்டுமென்றால் பிபி1 அல்லது பிஎஃப்1 என்று எழுதிய இலங்கைச் சிடிசியைக் கேட்டு வாங்குங்கள்.

பால்மா கட்டி பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. கொதிக்கும் சாயத்தில் மாவைக் கொட்டினால் உருண்டையின் மேற்பக்கம் உடனே நனைந்து தோல் போல மூடிக்கொள்ளும், உள்ளே மா காய்ந்தபடி நிற்கும். இரண்டு குவித்த கரண்டி பால்மாவையும் சீனியையும் முதலில் உலராகவே கலந்துவிடுங்கள். சீனி மணிகள் மாவைப் பிரித்து வைக்கும். பிறகு இரண்டு மேசைக்கரண்டிச் சாயம் விட்டுக் களியாகக் குழைத்து, மீதிச் சாயத்தை ஊற்றி, இரண்டு பாத்திரத்துக்கிடையே நாலு தடவை ஆற்றுங்கள். நுரைக்காக மட்டும் ஆற்றுவதில்லை. அடியில் நிற்கும் களி முழுவதும் கலப்பதும் அதில்தான். மலேசியாவில் ஆற்றிக் கொடுக்கும் பால் தேநீரான தே தாரிக்கும் இதே கைவேலைதான். அதைப் பேரெடுக்க வைத்தவர்கள் பலரும் அங்கு போய்க் கடை போட்ட தமிழ் முஸ்லிம்கள்.

இஞ்சி போடும்போது பால் திரிந்துபோகிறது என்றால் காரணம் பச்சை இஞ்சியிலுள்ள ஒரு நொதி. அது பாலின் புரதத்தை வெட்டும், கொதித்தால் செயலிழக்கும். 5 கிராம் இஞ்சியை இடித்துத் தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்க வைத்து, அடுப்பை நிறுத்தி, அதற்குப் பிறகே தேயிலையைப் போடுங்கள். பால் கடைசியாக. இந்த வரிசை மாறாவிட்டால் இஞ்சியால் பால் திரியாது.

வீட்டில் இருபது பேர் கூடுகிற நாளுக்குத் துருக்கியிடம் ஒரு வழி இருக்கிறது. அங்கே கேத்தல் இரண்டு அடுக்கு: கீழே தண்ணீர் கொதிக்கும், மேலே கடுஞ்சாயம் அந்த ஆவிச் சூட்டில், நேரடித் தீ படாமல், கால் மணி நேரம் ஊறும். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் சாயத்தைக் கொஞ்சம் ஊற்றி, மிகுதியைச் சுடுதண்ணியால் நிரப்புவார்கள். குவளை கண்ணாடியாக இருப்பதே நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்வதற்குத்தான். முயலின் இரத்தம் என்பது அவர்கள் மெச்சும் நிறம். ரஷ்யர் தண்ணீர் சூடாக்கும் கலமான சமோவாரிலும் கடுஞ்சாயம் தனி, சுடுதண்ணி தனி. கொழும்பில் இதைச் செய்ய இரண்டு அடுக்குக் கேத்தல் வேண்டாம். 50 கிராம் பிஓபிஎஃப்பை 1.7 லீற்றர் கொதிநீரில் மூடி 5 நிமிடம் வைத்து முழுவதையும் வடித்துவிடுங்கள். இலை தன் எடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே கைக்கு வருவது 1.5 லீற்றர். கோப்பைக்குப் பாதி சாயம், பாதி சுடுதண்ணி. "பிளேனோ, பாலோ?" என்று வந்தவரைக் கேட்டபிறகு கலக்கலாம். பெரியம்மாவுக்குச் சாயம் கூட, சித்தப்பாவுக்குக் குறைய என்பதும் எளிது. செத்த வீட்டில் மணிக்கணக்காகத் தேத்தண்ணி கொடுக்கும்போதும் கடைசிக் கோப்பை வரை கயர்க்காது. சாயம் ஆறினால் அதைக் கொதிக்க வைக்காதீர்கள். சுடுதண்ணியின் சூடே போதும்.

சீனத்துக் கொங்ஃபூ முறை இதற்கு நேர்மாறு: 100 மில்லிலீற்றர் மூடிக்கிண்ணத்தில் 5 அல்லது 6 கிராம் ஊலொங், கொதிக்கும் தண்ணீர், ஒவ்வோர் ஊற்றும் 15, 20, 30 விநாடி என்று ஆறேழு தடவை. முழு இலை மெல்ல விரிவதால் ஒவ்வொரு தடவையும் சுவை மாறும். நம் உடைந்த இலையில் இதை முயன்றால் முதல் ஊற்றிலேயே எல்லாம் இறங்கிவிடும். மொரோக்கோவில் குருணை போல உருட்டிய பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் அலசி, கயர்ப்பான அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதினாவும் நிறையச் சீனியும் சேர்த்து, உயரத்திலிருந்து நுரை எழ ஊற்றுவார்கள். நம்மவர் ஆற்றுவதற்கு அது உறவு. பச்சைத் தேயிலை கசக்கிறது என்பவர்களுக்கு அந்த அலசல் மட்டும் போதாது. கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு தடவை மாற்றி ஏறக்குறைய 80 பாகைக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

சீனியைப் பற்றி ஈரானியரும் நாமும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். அவர்கள் சீனிக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வெறுந் தேநீரை உறிஞ்சுவார்கள். அந்தச் சீனிக் கட்டிக்குப் பெயர் கந்த். நம் கற்கண்டிலுள்ள 'கண்டு' அதன் உறவுச் சொல். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும், சீனியை உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொள்வதும் இதுவேதான். இனிப்பு நாக்கில் இருக்கும், கோப்பைக்குள் கலக்காது. தேயிலையின் சொந்த மணம் கெடுவதில்லை, செலவாகும் சீனியும் குறைவு. நல்ல டிம்புள இலை கிடைத்த அன்று இப்படிக் குடித்துப் பாருங்கள். கித்துள் கருப்பட்டியும் பொருந்தும், ஆனால் அதன் புகை வாசனை நுவரெலியா இலையை அமுக்கிவிடும்.

கொழும்பின் ஏப்ரல் வெயிலில் சூடாக எதுவும் வேண்டாம் என்று தோன்றினால், சுடச்சுடப் போட்ட சாயத்தில் ஐஸ் போடாதீர்கள். கபேனும் தேயிலையின் நிறப்பொருளும் குளிரில் ஒன்று சேர்ந்து கலங்கிவிடும். குடிப்பதற்குத் தீங்கில்லை, பார்வைக்குத்தான் சேறு. 1 லீற்றர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் பிஓபி அல்லது ஓபியைப் போட்டு, மூடி, பிரிட்ஜில் 8 மணி நேரம் வைத்து வடியுங்கள். கயர் குறைவாக, தெளிவாக வரும். அதை மேசையில் வெளியே வைத்து ஊறவிட வேண்டாம்; நம் வெப்பத்தில் கிருமி பெருகப் போதிய நேரம் அது.

சூடாகக் குடிப்போருக்கு ஒரு கடைசி அளவு. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களைப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் சேர்த்தது. குற்றவாளி வெப்பம்தான், தேயிலை அல்ல. வடித்து ஊற்றிய பிளேன் டீ கோப்பையில் ஐந்து நிமிடமாவது ஆறட்டும். மணம் நன்றாகத் தெரிவதும் அந்தச் சூட்டில்தான். நாக்கைச் சுடும்போது எந்த இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொறுமையில்லாதவர்கள் இரண்டு தடவை ஆற்றிக் குடியுங்கள்.